நஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டும்

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு ஆசிட் புதிதன்று. பால் உறைவதற்கு ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் மூக்கைத் துளைக்கும். கையில் பட்டால் சுடும். பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். இவை தீங்கு செய்பவைதாம். ஆயினும் வரும்போதே தம்மை அறிவித்துக்கொண்டு வருபவை. தொழிலாளி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொள்ளலாம். எந்த எச்சரிக்கையும் தராத ஒரு நஞ்சைப் பற்றியே இன்று எழுதுகிறோம். அதன் பெயர் காட்மியம் குளோரைடு.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. நம் பிள்ளைகள் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி நெடுங்காலமாகிறது. முலாம் பூசும் பட்டறை, பாட்டரித் தொழில், வண்ணப் பொடி தயாரிக்கும் இடம், பழைய மின்பொருள்களை உடைக்கும் கொட்டகை ஆகியவற்றில் காட்மியத்துக்கு இடமுண்டு. கெடா மாநிலத்துக் குலிமில் காட்மியம் டெலுரைடு கொண்ட சூரிய ஒளித் தகடுகளின் உற்பத்தி 2008-இல் தொடங்கியது. நாம் எந்தத் தொழிற்சாலையின் மீதும் குற்றம் சாட்ட வரவில்லை. நம்மவர் கைபடும் பொருள் இன்னதென்று நம்மவருக்குத் தெரிய வேண்டும் என்கிறோம், அவ்வளவே.

காட்மியம் என்னும் உலோகத்தை 1817-இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஃபிரீட்ரிக் ஸ்ட்ரோமையர். மருந்துக்கு வைத்திருந்த துத்தநாகச் சேர்மத்தில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராயப் போன இடத்தில் அகப்பட்ட உலோகம் இது. இன்றும் துத்தநாகத் தாதோடு ஒட்டிக்கொண்டுதான் கிடைக்கிறது. அதன் உப்புகளில் ஒன்றான காட்மியம் குளோரைடு நிறமற்ற படிகம். பார்வைக்குச் சமையலறை உப்பைப் போலவே இருக்கும். வாசனை கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரைந்துவிடும்.

அதன் பயன்களையும் மறைக்கக் கூடாது. அந்தக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் காட்மியம் சல்பைடு பளிச்சென்ற மஞ்சளாய்ப் படியும். பெயிண்டு, பிளாஸ்டிக், பீங்கான், ரப்பர்ச் சாமான்கள் ஆகியவற்றுக்கு வெயிலில் எளிதில் மங்காத மஞ்சளைத் தந்தது அதுவே. இரும்பு துருப்பிடிக்காமல் முலாம் பூசவும் காட்மிய உப்புகள் உதவின. மேல்நாடுகளில் கோல்ஃப் திடல் புல்லின் பூஞ்சண நோய்க்கும் இந்த உப்பைத் தெளித்தார்கள். சூரிய ஒளித் தகட்டின் காட்மியம் டெலுரைடு படலத்தை இந்த உப்போடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் மின்திறன் உயர்கிறது.

இனி இதன் கொடுமையைக் கேளுங்கள். தூசியாக மூச்சில் ஏறும். கழுவாத கையோடு சோற்றில் கலந்து வயிற்றுக்குள் போகும். போனது எளிதில் திரும்பாது. சிறுநீரகத்தில் தங்கியதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும். நாளுக்கு ஒரு துளியாகச் சேர்ந்து, ஒரு நாள் சிறுநீரகம் புரதத்தைக் காக்க மாட்டாமல் சிறுநீரில் ஒழுக விடுகிறது. பிறகு எலும்பு நலிகிறது. அப்படிப் படிந்ததை வெளியே எடுக்க நம்பத்தக்க மருந்து இல்லை. காட்மியமும் அதன் சேர்மங்களும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1993-இல் வகைப்படுத்தியது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தவர்களின் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இரத்தசோகையுள்ள நம் பெண்கள் இதை மறக்கலாகாது. புகையிலையிலும் காட்மியம் உண்டு என்பதைச் சிகரெட் பிடிக்கும் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இவையெல்லாம் நேற்றுத் தெரிந்தவை அல்ல. சுவீடன் நாட்டுப் பாட்டரித் தொழிலாளரின் நுரையீரலும் சிறுநீரகமும் காட்மியத் தூசியால் கெட்டிருப்பதை மருத்துவர் லார்ஸ் ஃபிரிபெர்க் 1950-இல் விரிவாக எழுதிவிட்டார். பிரிட்டனில் செவெர்ன் பாலக் கட்டுமானத்தில், காட்மிய முலாம் பூசிய போல்ட்டுகளைக் கேஸ் விளக்கால் அறுத்த வேலையில் ஐவர் புகையை இழுத்து நோயுற்றனர், ஒருவர் மாண்டார். அந்தச் செய்தி 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்தப் புகை உடனே வீழ்த்துவதில்லை. சில மணி நேரம் கழித்துச் சளிக்காய்ச்சல் போல் தொடங்கும். தொழிலாளி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்; நுரையீரலில் நீர் கோத்த பிறகே விபரீதம் புரியும்.

எல்லாவற்றினும் பெரிய பாடம் ஜப்பானில் இருக்கிறது. தோயாமா மாநிலத்தில் ஜின்சூ ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைவித்த குடியானவர்களுக்கு ஒரு நோய் கண்டது. பிள்ளை பல பெற்ற வயதான பெண்களே அதற்கு மிகுதியும் இரையானார்கள். எலும்புகள் தாமே முறிந்தன. ‘இதாய், இதாய்’ – வலிக்கிறதே, வலிக்கிறதே – என்று அவர்கள் அலறிய அலறலே நோயின் பெயராகிவிட்டது. மேலே கமியோக்கா சுரங்கத்திலிருந்து வந்த கழிவே காரணம் என்று உள்ளூர் மருத்துவர் நொபொரு ஹகினோ 1957-இல் சொன்னார். குற்றவாளி காட்மியம் என்பது 1961-இல் வெளியிடப்பட்டது. அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-இல். பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்து 1971-இல் வென்றனர். மேல்முறையீட்டிலும் 1972-இல் வென்றனர். கெட்டுப்போன வயல்களின் மண்ணைச் சீர்படுத்தும் வேலையோ 1979-இல் தொடங்கி 2012 வரை நீடித்தது.

இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர் சொன்னதற்கும் அரசு ஏற்றதற்கும் இடையே 11 ஆண்டுகள். அந்த 11 ஆண்டும் ‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வியிலேயே கழிந்தன. மெல்லக் கொல்லும் நஞ்சுக்கு ஆதாரமும் மெல்லத்தான் வரும். நோயாளியின் உடம்பே ஆதாரமாக வேண்டும் என்று காத்திருந்தால், அது கைக்கு வரும்போது மனிதர் மீள முடியாத நிலைக்குப் போய்விட்டிருப்பார். ஆகவே, முன்கூட்டி அறிவதும் காலத்தில் சோதிப்பதும் மட்டுமே இதற்கு வழி.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. 40 பேருக்குக் குறையாத வேலையிடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. இரசாயனங்களின் ஆபத்தை முதலாளி மதிப்பிட்டுத் தொழிலாளருக்கு விளக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. உடனடி ஆபத்து இருக்குமானால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால், டின்னின் மேல் ஒட்டும் எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பதோடு விதி நின்றுவிடுகிறது. நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து, நம் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று உழைக்கும் சகோதரர்கள் அதை எவ்வாறு படிப்பார்கள்? அவர்களை விட்டுவிட்டு நம்மை மட்டும் காத்துக்கொள்வது தொழிற்சங்கத்துக்கு அழகன்று.

ஆகையால் நாம் கேட்பவை இவை. காட்மியம் புழங்கும் ஒவ்வொரு வேலையிடத்திலும் அதன் பெயரையும் ஆபத்தையும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் வாயால் விளக்க வேண்டும். வேலையில் சேரும்போதும், பின்னர் முறைப்படியும் சிறுநீர், இரத்தச் சோதனை நடத்தி முடிவைத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். காண்டிராக்டரின் ஆள் என்று சொல்லி எவரையும் ஒதுக்கக் கூடாது. உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றிக் குளித்துவிட்டு வீடு திரும்ப வசதி வேண்டும். இல்லையேல் தூசி தொட்டில் வரை வந்துவிடும். சேதம் தெரிந்தவருக்குச் சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். மாற்றுப் பொருள் தேடுவதும் முதலாளியின் கடமையே. சூரிய ஒளித் தகட்டு வேலையில் காட்மியம் குளோரைடுக்குப் பதிலாக, நஞ்சற்ற மக்னீசியம் குளோரைடைக் கொண்டே அந்தப் பலனைப் பெறலாம் என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். சோயாத் தயிர்க்கட்டி உறைய இடும் எளிய உப்பு அது. விலையும் மிகக் குறைவு. தேடினால் வழி உண்டு என்பதற்கு இது ஒன்று போதும்.

உறுப்பினர்களே! உங்கள் மகனோ மகளோ தொழிற்சாலைக்குப் போகிறார்களா? இன்றிரவு சோற்றுக்கு உட்காரும்போது, ‘நீ தொடும் பொருளின் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். தெரியாது என்றால், தொழிற்சாலையின் பெயரையும் செய்யும் வேலையையும் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். முதலாளியிடம் போய்ப் பெயரைக் கேட்பது சங்கத்தின் வேலை.