ஐந்நூறு ரூபாய் பிரெஞ்ச் பிரஸ்: பாஸா, அரியரா?

கழட்டி மாட்டு! - வாரம் ஒரு பொருள், நாலு பேப்பர், ஒரு ரிசல்ட்

ரூமில் ஒரு கெட்டில் இருந்தால் போதும், கேன்டீன் காபிக்கு டாட்டா காட்டிடலாம்னு ஹாஸ்டல்வாசிகள் ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிற அயிட்டம்தான் இந்த வாரம் நம்ம கையில்.

கண்ணாடி ஜாடி, நடுவில் ஒரு கம்பி, கம்பி முனையில் சல்லடை. காபிப் பொடியில் வெந்நீரை ஊற்றி 4 நிமிஷம் ஊறவிட்டு, கம்பியை அமுக்கினால் பொடி கீழே, காபி மேலே. அவ்ளோதான் மேட்டர்! பேருதான் பிரெஞ்ச். 1852-ல் பாரீஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை வாங்கியது உண்மைதான். ஆனால், இன்றைய வடிவத்துக்கு வழி போட்டது 1929-ல் காப்புரிமை பெற்ற மிலான் நகரத்து அட்டிலியோ கலிமானியும் ஜூலியோ மொனெட்டாவும். சுத்தமான இத்தாலிக்காரங்க!

நமக்கு வந்தது 350 மில்லி ஜாடி. விலை ஐந்நூறுக்கும் கம்மி. கம்பெனி பேரு வேணாம் பாஸ். லீவுக்கு நார்த்தாமலை வந்த இடத்தில், திண்ணையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தாச்சு. ‘‘என்னடா இது, சைக்கிள் பம்பு மாதிரி இருக்கு?’’ன்னு அப்பத்தா கேட்டுச்சு. பம்புதான் அப்பத்தா... பிரச்னையே அதான்!

பேப்பர் 1: கண்ணாடி

டப்பாவில் ‘ஹீட் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் இருக்கு. எந்தக் கண்ணாடி என்று இல்லை. லேப் பீக்கர் செய்கிற போரோசிலிகேட், சூட்டில் விரிவது சாதாரண ஜன்னல் கண்ணாடி விரிவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் கொதிநீரைத் தாங்குது. ‘நம்ம ஜாடி நல்லா தடியா இருக்கே, தாங்கும்’னு நினைக்காதீங்க. தடி அதிகமானால் உள்பக்கம் சூடேறி விரியும்போது வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுவிசையில்தான் விரிசல் விழும். எந்தக் கண்ணாடின்னே சொல்லாத டப்பாவுக்கு 25-க்கு 10.

பேப்பர் 2: சல்லடை

இங்கதான் மெயின் பிக்சர். இந்தச் சல்லடை ரவை மாதிரி கொரகொரப்பான பொடிக்காகச் செய்தது. நம்ம வீட்டில் இருப்பதோ நைசா அரைச்ச ஃபில்டர் காபிப் பொடி. சிக்கரி கலந்தது வேற (சட்டப்படி 49 சதவிகிதம் வரை சிக்கரி கலக்கலாம்!). நைஸ் பொடி கண்ணை அடைச்சுக்கும். கம்பி இறங்காது. நாம என்ன பண்ணுவோம்? எழுந்து நின்னு அமுக்குவோம்!

கொஞ்சம் கணக்கு. ஜாடியின் விட்டம் 7 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. அதன்மேல் 10 கிலோ எடை வைத்த மாதிரி அமுக்கினால், உள்ளே கூடுகிற அழுத்தம் காற்றழுத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. ஜாடிக்கும் சல்லடைக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி இருந்தால், கொதிக்கிற காபி அந்த வழியாகத்தான் பீய்ச்சி அடிக்கும். பெர்னூலி விதிப்படி, உராய்வை மறந்துட்டா, வேகம் நொடிக்கு 7 மீட்டர்! மலிவு மாடலில் ஓரத்து ஸ்பிரிங் ஒரே சீராகப் பதியாததால் அந்த இடைவெளி கன்ஃபர்ம். 25-க்கு 5.

பேப்பர் 3: மரை

கம்பியையும் சல்லடையையும் பிடிச்சிருக்கிறது மெல்லிய தகட்டில் வெட்டின ரெண்டு சுற்று மரை. கழுவக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, மரை தேய்ந்தால் கதை முடிஞ்சது. 25-க்கு 8.

பேப்பர் 4: ரிப்பேர்

எங்க ஊர் மேலமலையில் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கு. இளங்கோவதியரையர் கட்டிய கோயில் மழையில் இடிந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் அங்கே இருக்கிற கல்வெட்டே சொல்லுது. ஆயிரம் வருஷம் தாண்டியும் நிற்குது. பழுது வராத பொருள் உலகத்தில் கிடையாது. பழுதானால் சரிபண்ண முடியுமா என்பதுதான் கேள்வி. நம்ம ஜாடி உடைஞ்சா, தனிக் கண்ணாடி புதுக்கோட்டை பாத்திரக் கடையில் கிடைக்காது. சட்டம், மூடி, கம்பி மொத்தமும் குப்பைக்கு. 25-க்கு 2.

மொத்தம் 25/100. அரியர்!

எதிர்க்கட்சிக்கும் மார்க் போடணும்ல? நம்ம எவர்சில்வர் ஃபில்டரில் யாரும் அமுக்க வேண்டாம். புவியீர்ப்பு விசையே வேலையைப் பார்த்துக்கும். கீழே விழுந்தா நசுங்கும், உடையாது. குறையும் உண்டு: ஓட்டை அடைச்சுக்கும், மேலடுக்கும் கீழடுக்கும் சமயத்தில் இறுகிப் பிடிச்சுக்கும், டிகாக்‌ஷன் இறங்குறதுக்குள் ஆறியும் போயிடும். ஆனா, ஓட்டை அடைச்சா அடுப்பில் லேசாகக் காட்டித் தட்டினால் சரி. 70 கொடுக்கலாம்.

ஏற்கெனவே பிரெஞ்ச் பிரஸ் வாங்கிட்டீங்களா? கொரகொர பொடி போடுங்க. முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஜாடியை அலசிட்டு, அப்புறம் வெந்நீர் ஊற்றுங்க. கம்பி இறங்க மறுத்தால் மல்லுக்கட்டாதீங்க. கொஞ்சம் மேலே இழுத்து மறுபடி மெதுவாக இறக்குங்க. முக்கியமா, மூஞ்சியை ஜாடிக்கு நேரா நீட்டாதீங்க. ஐந்நூறு ரூபா போனா சம்பாதிச்சுக்கலாம் பாஸ்!