மருத்துவ அகராதியில் ஓர் உலா

அகராதி தேடுவதற்குரிய நூலேயன்றிப் படிப்பதற்குரியதன்று என்பர். இக்கூற்று நமக்கு உடன்பாடன்று. அதிலும் மருத்துவ அகராதியைக் காரணம் எதுவுமின்றிப் புரட்டுவதில் கிட்டும் இன்பம், நல்லதொரு நாவல் தரும் இன்பத்திற்குச் சற்றும் குறைந்ததன்று.

காவல் துறையில் பணியாற்றிய டி.வி. சாம்பசிவம் பிள்ளை, சித்த மருத்துவச் சொற்களைத் தொகுத்து உருவாக்கிய தமிழ் – ஆங்கில அகராதி 1931 முதல் வெளிவரத் தொடங்கிற்று. தொகுதிகள் அனைத்தும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. எஞ்சியவை அவர் மறைவுக்குப் பின்னரே வந்தன. ஒரு பல்கலைக்கழகம் செய்தற்குரிய பணியைத் தனியொருவர் மேற்கொண்டமையை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

இத்தகைய அகராதியில் ‘சீ’ என்னும் எழுத்தில் நுழைவோமாயின், சீதபேதியைக் கடந்து சீந்திலை அடைவோம். அதற்கு அமிர்தவல்லி, சோமவல்லி எனப் பெயர்கள் பல. அப்பால் சீரகம், பின்னர்ச் சீழ். நோயும் மருந்தும் அண்டை வீட்டாராய்க் குடியிருக்கும் தெரு வேறெங்கேனும் உண்டோ? இப்னு சீனாவும் (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலின் இரண்டாம் பகுதியில் தனி மருந்துகளை எழுத்து வரிசையிலேயே அடுக்கினார். நம் நாட்டு மருந்துக் கடையில் முற்றும் தமிழாகிவிட்ட குல்கந்து, பாரசீகத்தில் மலரையும் சர்க்கரையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை என்பதும் சுவையான செய்தியே. (படிக்கும் நோயெல்லாம் தமக்கே உள்ளதென அஞ்சுவோர், நூலை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்வது நன்று.)

எனினும் இது வெறும் பொழுதுபோக்கன்று. நம் மூதாட்டியர் ‘வலி’ என்னும் ஒரு சொல்லோடு நின்றதில்லை. மூட்டில் குடைச்சல், விலாவில் குத்தல், காலில் உளைச்சல், நெஞ்சில் கரிப்பு, சிறுநீரில் கடுப்பு எனப் பிரித்துரைத்தனர். இன்றைய மாணவரோ அனைத்தையும் ‘பெயின்’ என்றே முடித்துவிடுகிறார். வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் அவரே. அவர் சொல்வதே மருத்துவரின் செவிக்கு எட்டுகிறது. மூதாட்டி சொன்ன குடைச்சலும் உளைச்சலும் வழியிலேயே உதிர்ந்துபோயின், இழப்பு தமிழுக்கு மட்டுமா?

பல நூலகங்களில் இவ்வகராதிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால் எடுத்துத் தருவர். கேட்பதற்கோ எந்தச் சொல் வேண்டுமென முன்னரே தெரிந்திருக்க வேண்டும். உலாவ வருவோர் எதைக் கேட்பர்? ஆகவே, தொகுதிகளை வாசிப்பு மேசையின் மேலேயே வைத்துவிடலாம் என்பது நம் கருத்து. தாள் கிழியும், முனை மடங்கும் என்பர். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.