நீலம் பாரித்த உளி

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெஞ்ச் கிரைண்டர் வாங்கிவிட்டு, 'இனி சாணைக்காரருக்கு தண்டம் அழ வேண்டாம்' என்று மார்தட்டும் ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 முறை சுற்றுகிறது. உளியைக் காட்டினால் பொறி பறக்கும், தீபாவளி மாதிரி ஜோராக இருக்கும். அழுத்திப் பிடித்தால் சில விநாடிகளில் முனை நீலமாகும். சுமார் 300 டிகிரி சூடேறிவிட்டது என்று அர்த்தம். டெம்பர் போச்சு! அப்புறம் தண்ணீரில் முக்கிப் பிரயோஜனமில்லை. நீலம் பாய்ந்த இரும்பைத் தேய்த்துத் தள்ள வேண்டியதுதான்.

முனை உடையாத உளிக்கு மெஷினே வேண்டாம் ஸார். ஒரு ஆயில் ஸ்டோன் போதும். அதற்கும் மனசில்லையா? கனமான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர் ஒட்டுங்கள். சாய்வு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30. முதுகுப்பக்கம் சமதளமாக இருக்கணும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மொக்கை உளிதான் வழுக்கும். வழுக்கினால் இடது கையில் தையல்.

மெஷினில் மாட்டும் வட்ட ரம்பம் வேறு ரகம். பல்லெல்லாம் டங்ஸ்டன் கார்பைடு. உங்கள் கிரைண்டரின் சாம்பல் நிறக் கல் அதைத் தொட்டால் தேய்வது கல்தான். டைமண்ட் வீல் வேணும். நாற்பது பல்லும் ஒரே உயரம், ஒரே கோணம் வரணும். இதைக் கையால் செய்வேன் என்பவர் தன் கடைவாய்ப்பல்லையும் தானே பிடுங்கிக்கொள்ளலாம். கடையில் கொடுங்கள், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். மட்டமான பிளேடாக இருந்தால் மட்டும், கூலிக்கு புதுசே வந்துவிடும்.

வாங்கிய கிரைண்டரை என்ன செய்வது என்கிறீர்களா? வீட்டில் மண்வெட்டி இருக்கிறதா?