காலண்டர் ஓரத்துக் கையெழுத்து

உங்க வீட்டுச் சுவரில் பழைய சாமி காலண்டர் ஏதாவது ஃப்ரேமுக்குள்ள இருக்கா? ஸ்டூல் போட்டு ஏறி, கீழ் ஓரத்தைப் பாருங்க. எங்க பாட்டி வீட்டு மீனாட்சி கல்யாணத்தில் பொடி எழுத்தில் இருந்த பேர், சி.கொண்டையராஜு. தினமும் விழுந்து கும்பிட்ட நாங்க யாரும் அதைப் படிச்சதே இல்லை!

1898-ல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படிச்ச மனுஷர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம், அப்புறம் நாடகக் கம்பெனியில் சீன் வரையுற வேலை. 1942-ல் கம்பெனி கலைஞ்சுபோச்சு. கலைஞ்ச இடம் கோவில்பட்டி! கரிசல் காட்டு ஊரில், கையில் தூரிகையும் கூட நாலு சிஷ்யர்களும்தான் மிச்சம். ஊருக்குத் திரும்பாம அங்கேயே 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' போட்டார். போட்டோவும் எடுத்தாங்க, படமும் வரைஞ்சாங்க.

பக்கத்திலேயே சிவகாசி. அங்கேதான் கதை சூடு பிடிக்குது. 1796-ல் ஜெர்மனிக்காரர் செனஃபெல்டர் கண்டுபிடிச்ச கல் அச்சுக்கு சூத்திரமே எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கறதுதான். கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைஞ்சு, தண்ணியில் நனைச்சு, மை உருட்டினா, வரைஞ்ச இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒரு கலருக்கு ஒரு கல். ரவிவர்மாவின் அச்சகம் ஓடினதும் ஜெர்மன் டெக்னீஷியன்களை நம்பித்தான். அந்தக் கல் அச்சு பெத்த பிள்ளைதான் ஆஃப்செட். அதில் ஏறித்தான் ராஜுவின் சாமிகள் டீக்கடை, சலூன், பூஜை ரூம்னு குடியேறினாங்க. பெரிய பெரிய விமர்சகர்கள் 'காலண்டர் ஆர்ட்'னு மூக்கைச் சுளிச்சாங்க. சுளிக்கட்டுமே. லட்சுமின்னா நம்ம கண்ணுக்குள்ள வர்ற முகத்தில் ராஜுவுக்கும் பங்கு இருக்கு. அந்தச் சாமிகள் திரை தூக்கின மேடையில் நிக்கிற மாதிரியே நேரா நம்மளைப் பார்ப்பாங்க. சீன் வரைஞ்ச கை, லேசில் மறக்குமா?

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. சிஷ்யர் டி.எஸ்.சுப்பையாவோட சேர்ந்து செஞ்ச படத்தில் ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க ஒருத்தன் எழுதி, வேற ஒருத்தன் பேர் முதல்ல வர்ற காலேஜில் படிச்சவனுக்கு இது ஆச்சர்யம்தான் பாஸ்!

1976-ல் ராஜு மறைஞ்சார். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க பாட்டி வீட்டுப் படத்தை இறக்கினப்ப, பின்பக்கம் முழுக்க கரையான். குப்பைக்குப் போக இருந்ததைப் பிடுங்கி வெச்சிருக்கேன். மீனாட்சி முகம் தப்பிச்சிருச்சு. ஓரத்தில் 'கொண்டைய' வரைக்கும் மிச்சம். ஸ்கேன் பண்ணணும்.