முதல் இரவுப் பணிக்கு முன்

எம்.பி.பி.எஸ். படிப்பின் நான்கரை ஆண்டுகளை முடித்து இறுதித் தேர்வில் தேறும் மாணவர், அடுத்த ஓராண்டைக் கட்டாயச் சுழற்சிமுறைப் பயிற்சி மருத்துவராக, மருத்துவமனை வழக்கில் சொன்னால் 'ஹவுஸ் சர்ஜனாக', துறைக்குத் துறை மாறிப் பணியாற்றிய பின்னரே நிரந்தரப் பதிவு பெறுகிறார். தேர்வாளர் முன்னிலையில் ஒரே நோயாளியை நிதானமாக விசாரித்துப் பரிசோதித்து நோயைக் கணிக்கத் தெரிந்த அவர், நிரம்பி வழியும் வார்டின் இரவுப் பணியில் யாரை முதலில் பார்ப்பது, எந்தக் கட்டத்தில் மூத்த மருத்துவரை அழைப்பது என்பவற்றில் தடுமாறினால், அது அவருடைய குறையன்று. அவற்றைக் கற்பிக்காமலே பணிக்கு அனுப்பும் கல்விமுறையின் குறை. இறுதியாண்டின் கடைசி வாரங்களை மேற்பார்வையுடன் கூடிய வார்டுப் பணியாக மாற்றுவதே இதற்குரிய தீர்வாகும்.

சிரையில் வென்ஃப்ளான் செலுத்துதல், ரத்த மாதிரி எடுத்தல், கேஸ் ஷீட்டில் குறிப்பெழுதுதல், அடுத்த பணிநேரத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்தல் என ஹவுஸ் சர்ஜனின் அன்றாட வேலைகள் எளியவையாகத் தோன்றினாலும், அவற்றில் நேரும் பிழைகள் எளியவை அல்ல. மாதிரிக் குழாயில் நோயாளியின் பெயரைப் படுக்கையருகிலேயே எழுதாமல் பின்னர் மேசையில் எழுதும் பழக்கம், பொருந்தாத ரத்தத்தை ஏற்றுவதில் போய் முடியக்கூடும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் ரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு என்பதையும், தடுப்பு மருந்தை இயன்றவரை விரைவாக, தாமதித்தாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும் என்பதையும் விடைத்தாளில் எழுதிய மாணவர், தம் விரலிலேயே ஊசி குத்திய நள்ளிரவில் அம்மருந்து எந்த அறையில் கிடைக்கும் என்பதை அறியாவிட்டால் அந்த அறிவு அவருக்கே உதவாது.

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், இறுதியாண்டு மாணவர் ஒரு மருத்துவக் குழுவில் இணைந்து இளநிலை மருத்துவரின் பணிகளை மேற்பார்வையில் செய்யும் 'மாணவ உதவியாளர்' பயிற்சியை 2009இல் வலியுறுத்தியது. புதிய மருத்துவர்கள் பணியேற்கும் ஆகஸ்ட் முதல் புதன்கிழமையில் அவசரமாக அனுமதிக்கப்பட்டவர்களிடையே, முந்தைய வாரப் புதன்கிழமையில் அனுமதிக்கப்பட்டவர்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக இங்கிலாந்தின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. காரணத்தை அந்த ஆய்வு நிறுவவில்லை எனினும், புதியவர்கள் முந்தையவருடன் உடனிருந்து பணியைக் கற்கக் குறைந்தது நான்கு நாள்களை ஊதியத்துடன் அளிக்கும் ஏற்பாடு 2012 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்திலோ ஆறாம் ஆண்டு முழுவதுமே உதவித்தொகையுடன் கூடிய வார்டுப் பயிற்சியாக அமைந்துள்ளது.

இந்தியாவில் 2019இல் தொடங்கிய திறன்சார் பாடத்திட்டம், மாணவர் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராக இருந்தே கற்கும் 'கற்கும் மருத்துவர்' முறையை ஏற்கெனவே வகுத்துள்ளது. ஆயினும், பல விடைகளுள் சரியானதைத் தேர்வுசெய்யும் வினாக்களாலான நீட் முதுநிலைத் தேர்வே எதிர்காலத்தைத் தீர்மானிப்பதால், இறுதியாண்டு மாணவரின் மனம் வார்டைவிட வினாத்தொகுப்பிலேயே தங்கிவிடுகிறது.

ஹவுஸ் சர்ஜன் ஆண்டே பயிற்சிதான் என்னும்போது பயிற்சிக்கு இன்னொரு பயிற்சி எதற்கு என்று கேட்கப்படலாம். ஆனால் பணிச்சுமை மிகுந்த மருத்துவமனையில் அவர் முதல் நாளிலிருந்தே வேலைக்குரிய கையாக எண்ணப்படுகிறாரே தவிர, கற்பவராக எண்ணப்படுவதில்லை. படுக்கையிலிருக்கும் நோயாளிக்கோ, தம் கையில் ஊசி செலுத்துபவர் அதை முதன்முறையாகச் செய்கிறாரா என்பது தெரிவதே இல்லை.

ஆகவே, இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு வாரங்கள், இரவுப் பணியும் உட்பட, ஒரே மருத்துவக் குழுவில் இணைந்து பணியாற்ற வேண்டும். ஊசி, மாதிரி, மருந்துச்சீட்டு, ஒப்படைப்பு ஆகிய அடிப்படைத் திறன்களை மூத்த மருத்துவர் நேரில் கண்டு சான்றளித்த பின்னரே அவர் தனித்துச் செயல்பட அனுமதிக்கப்பட வேண்டும். இதற்குத் தேவைப்படுவது புதிய கட்டடமன்று. பேராசிரியர்களின் பணிநேரத்தில் கற்பித்தலுக்கென ஒதுக்கப்படும் சில மணி நேரமே. அதைத் தேசிய மருத்துவ ஆணையம் விதியாக்கும்வரை காத்திராமல், கல்லூரிகளே அடுத்த இறுதியாண்டு வகுப்பிலிருந்து தொடங்கலாம்.