ஆள் விற்போர் வெளியே, விற்கப்பட்டோர் கூண்டிலே!

இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்நாளில் அடிமைகளை வைத்திருந்தோருள் யாழ்ப்பாணத்துத் தமிழரும் இருந்தனர். அதனை மறைப்பதிற் பயனில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலோ அடிமைச் சங்கிலியின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. தொழிலாளியின் கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டது. அக்கடனைக் கட்டித் தீர்க்கும் தோட்டத்துரை எவனோ, அவனிடமே தொழிலாளி போய்ச் சேரவேண்டும். அந்தத் துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது.

உண்மையில் ஒழிந்ததா? வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லும் ஏழைத் தாய்க்கு முகவன் முன்பணம் கொடுக்கின்றான். கங்காணி கொடுத்த முன்பணத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கு சென்றதும் வீட்டு எசமான் அவளுடைய கடவுச்சீட்டைப் பறித்துக்கொள்கின்றான். "உனக்காகப் பணம் கொடுத்திருக்கின்றேன்" என்கின்றான். அடிதாங்காது அவள் ஓடினால், தப்பியோடிய குற்றவாளியென்று அந்நாட்டுப் பொலிசார் அவளையே பிடித்து அடைக்கின்றனர். விற்றவன் வெளியே நிற்கின்றான். விற்கப்பட்டவள் கூண்டில் நிற்கின்றாள்!

2022ஆம் ஆண்டு நவம்பரில் நாடு அறிந்த செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் இலங்கைப் பெண்கள் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வீட்டுவேலைக்கு விற்கப்பட்டனர். அவ்விவகாரத்தில் நமது தூதரகத்திற் பணியாற்றிய அதிகாரி ஒருவரே சந்தேகத்தின்பேரிற் கைதுசெய்யப்பட்டார். வேலி பயிரை மேய்ந்தால் உழவன் யாரிடம் முறையிடுவான்? ஆடவருக்கும் இவ்வலை விரிக்கப்பட்டே இருக்கின்றது. கணினி வேலையென நம்பிச் சென்ற இளைஞர்கள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததை 2024இலும் கண்டோம்.

சட்டம் இல்லையா? இருக்கின்றது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தலைத் தனிக்குற்றமாக்கியது. 360இ பிரிவின்படி தண்டனை 2 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறை. ஏமாற்றுதல் மட்டுமன்றி, ஒருவரது ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்தி உழைப்பைச் சுரண்டுவதற்காக ஆளைச் சேர்ப்பதும் அப்பிரிவினுள் அடங்கும். ஐக்கிய நாடுகளின் 2000ஆம் ஆண்டுப் பலேர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்று உறுதிசெய்தது. வஞ்சனையாற் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பதே அந்நெறிமுறையின் தீர்ப்பு. ஆகவே, "அவளாகவே விரும்பிப் போனாள்" என்ற வாதத்தை எடுத்து வருபவன் சட்டத்தைப் படிக்கவில்லை.

அவ்வாறாயின் முகவன் தப்புவதெப்படி? ஆட்கடத்தலுக்குரிய செயல் அனுமதிப்பத்திரம் இல்லாத தொழிலாகச் சுருக்கப்பட்டு, வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்கீழ் வருகின்றது. அல்லது தண்டனை குறைந்த வேறு பிரிவொன்று தேடப்படுகின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் சமாதானம்! களவுபோன மாட்டைத் திருப்பிக் கட்டிவிட்டால் கள்வனை விட்டுவிடுவார்களா? மாட்டுக்கு உள்ள மதிப்பு மனிதருக்கு இல்லையா?

தமிழ் பேசும் பெண்ணுக்கு இன்னுமொரு தடையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் அவள் தமிழிற் சொல்வதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத கடதாசியிற் கையொப்பம் வாங்கும் பொலிஸ் நிலையங்கள் இன்றும் உள்ளன. குறுக்கு விசாரணையில் அக்கடதாசியே அவளுக்கு எதிரான ஆயுதமாகின்றது. மொழியுரிமை வெறும் பெயர்ப்பலகைச் சண்டையென்று எள்ளி நகையாடுவோர் நீதிமன்றத்துக்கு வந்து பார்க்கட்டும்!

நாம் கேட்பவை நான்கு. ஆட்கடத்தலுக்கு ஆட்கடத்தற் பிரிவின்கீழேயே சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்க. முறைப்பாட்டாளரின் வாக்குமூலத்தை அவரது மொழியிலேயே பதிவுசெய்க. கடத்தலால் நேர்ந்த விசாக் குற்றத்திற்காகக் கடத்தப்பட்டவரைத் தண்டியாது விடுக. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தைத் தோட்ட லயங்களிலும் வன்னிக் கிராமங்களிலும் நடைமுறைப்படுத்துக. சாட்சி சொன்னவள் வீடு திரும்பும்போது முகவனின் ஆட்கள் வாசலில் நிற்பார்களாயின் எவள் சாட்சி சொல்வாள்?

அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் தகாது. சட்டத்தரணிகளே! இவ்வழக்குகளிற் கட்டணமின்றித் தோன்றுங்கள். நொத்தாரிசுமாரே! வெளிநாட்டுப் பயணத்துக்காக ஈட்டு உறுதி எழுதவருவோரிடம், பணம் யாருக்குப் போகின்றது என்று ஒரு கேள்வி கேளுங்கள். உழவர் பெருமக்களே! அனுமதிப்பத்திர இலக்கத்தைக் காட்டாத முகவனுக்குத் திண்ணையில் இடங்கொடாதீர்கள். அவன் நம் ஊரவனாயினும், நம் உறவினனாயினும், அவனை நீதவான் முன் நிறுத்துவது நம் கடன்.