தபால்காரர் மீது பழி

பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் 2014 ஜனவரியில் கர்நாடக அரசு இலவச வைஃபை தொடங்கியது. தொழிற்சாலையில் பொறித்த 12 எழுத்துக் குறியீடுதான் அன்று போனுக்கு அடையாளம். முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்லிவிடும். 2020 முதல் ஐபோன்கள் வைஃபைக்கு வைஃபை புனைபெயர் சூட்டிக்கொள்கின்றன. விளைவு, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத குறியீடுகளைக் கண்டு நெட்வொர்க் பொறியாளர்கள் விழிக்கிறார்கள். ஊடுருவலோ என்று பதறுமுன் இரண்டாவது எழுத்தைப் பார்ப்பது நல்லது. 2, 6, ஏ, ஈ என்றிருந்தால் அது தொழிற்சாலை வைத்த பெயரல்ல.

அதைவிடப் பெரிய வம்பு ரூட்டர். அதைத் தாண்டி வரும் தகவலில் அனுப்பிய கருவியின் குறியீடு இருக்காது. கடைசி ரூட்டரின் குறியீடே இருக்கும். அதை வைத்து ஆளைத் தேடினால் அகப்படுவது தபால்காரர்தான். கடிதம் எழுதியவர் அல்ல.